விண்வெளித் தொலைநோக்கியும் கால வரையறையும்

விண்வெளியில் இயங்கும் தொலைநோக்கியைப் பயன்படுத்த விரும்பும் ஆராய்ச்சியாளர் அதற்கென ஒரு விண்ணப்பம் அனுப்புதல் வேண்டும். அவ்விண்ணப்பத்தில் அவர் நான்கு வினாக்களுக்கு விடை கூறுகிறார். எந்தப் பொருளைப் பார்ப்பது, எந்தக் கருவியால் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்பொழுது பார்ப்பது என்பனவே அவை. முதல் மூன்றிற்கும் விடை காண ஆராய்ச்சியாளர் பெரிதும் உழைக்கின்றார். நான்காவது வினாவோ பெரும்பாலும் இறுதி நேரத்தில் அவசரமாக நிரப்பப்படுகிறது.

பல ஆராய்ச்சிகளுக்கு "எப்பொழுதாயினும் சரி" என்பதே தக்க விடையாகும். வாயுப் படலம் ஒன்றையோ, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலத்தையோ இன்று பார்த்தாலும் ஆறு திங்கள் கழித்துப் பார்த்தாலும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு கிரகம் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும் சில மணி நேரம், ஒரு விண்கலம் சிறுகோளில் மோதும் கணம், வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் ஒளி மங்கி வரும் நாட்கள் ஆகியவை அத்தகையன அல்ல. இவற்றில் காலத்தைச் சரியாகக் கூறாத விண்ணப்பம் வெற்றி பெற்றாலும் பயன் தராது. அதே சமயம், தேவைக்கு மேல் குறுக்கிக் கூறப்பட்ட காலமும் தீமையே பயக்கும். எந்த அளவிற்குக் குறுக்குவது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

நேரத்தின் அருமை

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிலையம், ஹபிள், ஜேம்ஸ் வெப் ஆகிய இரு தொலைநோக்கிகளுக்கும் விண்ணப்பங்களைப் பெற்று நேரம் ஒதுக்குகிறது. வெப் தொலைநோக்கியின் நான்காம் சுற்றுக்கு 2024 அக்டோபர் வரை வந்த விண்ணப்பங்கள் 2,377 ஆகும். அவை கேட்ட நேரம் சுமார் 78,000 மணி. ஓர் ஆண்டில் உள்ள மணிகளோ மொத்தம் 8,760 தான். ஆகவே நேரம் பெற்றவர் ஒருவர் எனில், பெறாது திரும்பியவர் பலர். பெற்ற நேரத்தைத் தவறான நாளில் செலவிடுவது, அப்பலருடைய வாய்ப்பையும் சேர்த்து இழப்பதாகும்.

திருமண மண்டபத்தை வாடகைக்குப் பேசுபவரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். எந்த நாளாயினும் சரி என்பவருக்கு மண்டபம் எளிதில் கிடைக்கிறது. தை மாதத்தில் என்பவர் சற்று அலைய வேண்டும். இன்ன நாள், இன்ன முகூர்த்தம் என்பவர் மற்றெல்லோருடனும் போட்டியிட வேண்டும். முகூர்த்தம் உண்மையில் தேவையாயின் போட்டியிடத்தான் வேண்டும். தேவையில்லாத முகூர்த்தத்தைக் குறித்துக்கொண்டு அலைவது வீண் வேலை.

தொலைநோக்கிக்கே உரிய வரம்புகள்

ஆராய்ச்சியாளர் தம் வரையறையைக் கூறுமுன், தொலைநோக்கிக்கு இயல்பாகவே உள்ள வரம்புகளை அறிந்திருத்தல் நலம்.

1990 ஏப்ரல் 24 அன்று விண்ணிற் செலுத்தப்பட்ட ஹபிள், பூமியை ஏறத்தாழ 95 நிமிஷத்திற்கு ஒரு முறை சுற்றி வருகிறது. பூமிக்கு மிக அருகில் சுற்றுவதால், பெரும்பாலான பொருள்களை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழப் பாதி நேரம் பூமியே மறைத்துவிடுகிறது. சூரியனுக்கு அண்மையான திசையில் அது திரும்பக் கூடாது. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே மின்னூட்டத் துகள்கள் செறிந்துள்ள பகுதியைக் கடக்கும்பொழுது அதன் கருவிகள் வேலையை நிறுத்திக்கொள்கின்றன. மேலும், அவ்வுயரத்திலும் காற்று சிறிதளவு இருப்பதால் அதன் பாதை சிறிது சிறிதாக மாறுகிறது. எனவே, பல மாதங்களுக்குப் பின் குறிப்பிட்ட ஒரு நிமிஷத்தில் ஹபிள் தன் பாதையில் எவ்விடத்தில் இருக்கும் என்பதை இன்றே திட்டமாகக் கூற இயலாது. சில நிமிஷங்களே நிகழும் ஒன்றைப் பார்க்க விரும்புவோர் இதை மறத்தலாகாது. அந்நிமிஷங்களில் பொருள் பூமிக்குப் பின்னால் மறைந்திருக்கவும் கூடும்.

2021 டிசம்பர் 25 அன்று செலுத்தப்பட்ட வெப் தொலைநோக்கியின் நிலை வேறு. அது பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றுகிறது. அகச்சிவப்பு ஒளியைக் காணவேண்டியிருப்பதால் அது எப்பொழுதும் குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு பெரிய மறைப்பு சூரிய வெப்பத்தைத் தடுத்து நிற்கிறது. அம்மறைப்பின் நிழல் விலகாதிருக்க, தொலைநோக்கி சூரியனிலிருந்து 85 பாகை முதல் 135 பாகை வரை உள்ள திசைகளை மட்டுமே நோக்கலாம். எந்த ஒரு நாளிலும் வானத்தில் நூற்றுக்கு 39 பங்கே அதன் பார்வைக்கு உட்படும். சூரியன் செல்லும் வீதிக்கு அருகிலுள்ள பொருளை ஆண்டிற்கு இரு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 50 நாட்கள் மட்டுமே காணலாம். அவ்வீதிக்குச் செங்குத்தான இரு முனைகளைச் சூழ்ந்த சிறு வட்டங்களில் உள்ளவற்றை மட்டுமே ஆண்டு முழுதும் காணலாம்.

இவ்வரம்புகளை விண்ணப்பதாரர் எழுதிக் காட்டவேண்டுவதில்லை. நிலையம் வழங்கும் கணிப்பொறித் திட்டமே அவற்றைக் கணக்கிட்டுவிடும். ஆயினும் அவற்றை எண்ணிப் பாராமல் தம் வரையறையை அமைப்பவர் ஏமாற்றமடைவார். எடுத்துக்காட்டாக, சூரிய வீதிக்கு அருகிலுள்ள ஒரு நட்சத்திரத்தை அதன் கிரகம் 200 நாட்களுக்கு ஒரு முறை கடப்பதாகக் கொள்வோம். வெப் அந்நட்சத்திரத்தைக் காணக்கூடிய நாட்கள் ஆண்டில் ஏறத்தாழ 100. எனவே அக்கடப்புகளுள் சராசரியாக நான்கில் ஒன்றே வெப் காணக்கூடிய நாட்களில் நிகழும். அதையும் தவறவிட்டால், அடுத்த வாய்ப்பிற்குச் சில ஆண்டுகளே காத்திருக்க நேரிடலாம்.

கால வரையறையின் வகைகள்

விண்ணப்பதாரர் விதிக்கும் வரையறைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம். இந்நாளுக்குப் பின், அந்நாளுக்கு முன் என்று கூறுவது.

இரண்டாவது, சுழற்சிக் கட்டம். திரும்பத் திரும்ப நிகழும் ஒன்றின் சுழற்சிக் காலத்தையும், ஒரு தொடக்க நேரத்தையும், வேண்டிய கட்டத்தையும் கொடுத்தால், எந்தச் சுழற்சியில் பார்ப்பது என்பதை நிலையமே முடிவு செய்துகொள்ளும்.

மூன்றாவது, ஒன்றற்கொன்று உள்ள இடைவெளி. முதல் நோக்கு முடிந்து இத்தனை நாட்களுக்குப் பின் இரண்டாம் நோக்கு என்று கூறுவது. முதல் நோக்கு எந்நாளில் அமைந்தாலும் சரி, இடைவெளியே முக்கியம்.

நான்காவது, மற்றொரு தொலைநோக்கியுடன் ஒரே காலத்தில் பார்ப்பது.

ஐந்தாவது, முன்கூட்டி அறிய இயலாத நிகழ்ச்சி. இன்ன வகை வெடிப்பு நிகழுமாயின் இத்தனை நாட்களுக்குள் பார்க்க வேண்டும் என்று முன்னதாகவே அனுமதி பெற்றுவைப்பது.

இவற்றுடன் மறைவான மற்றொரு வரையறையும் உண்டு. கருவியின் சட்டம் வானத்தில் இன்ன கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும் என்று விண்ணப்பதாரர் சில சமயம் கேட்கிறார். அதில் காலத்தைப் பற்றிய பேச்சே இல்லை போலத் தோன்றும். ஆனால் வெப் தொலைநோக்கி தன் மறைப்பைச் சூரியனை நோக்கியே வைத்திருக்க வேண்டியிருப்பதால், தன்னைத் தானே சுமார் 5 பாகை இப்புறமும் அப்புறமும் மட்டுமே திருப்பிக்கொள்ள முடியும். பெரும்பாலான திசைகளில் ஒரு கோணம் ஆண்டின் குறிப்பிட்ட சில நாட்களிலேயே கிடைக்கும். ஆகவே கோணத்தைக் கேட்பது தேதியைக் கேட்பதேயாகும். அறியாமல் கோணத்தையும் தேதியையும் தனித்தனியே குறிப்பிட்டு, இரண்டும் ஒருங்கே பொருந்தும் நாளே இல்லை என்ற நிலைக்கு ஆளாவது எளிது.

சுழற்சிக் கட்டம்: ஒரு கிரகத்தின் கடப்பு

கன்னி இராசியின் திசையில் சுமார் 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்தை வாஸ்ப்-39பி என்னும் கிரகம் 4.055 நாட்களுக்கு ஒரு முறை சுற்றுகிறது. அது நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்க ஏறத்தாழ 2.8 மணி ஆகிறது. அப்பொழுது நட்சத்திர ஒளியின் ஒரு சிறு பகுதி கிரகத்தின் காற்று மண்டலத்தினூடே வருகிறது. அவ்வொளியைப் பகுத்தால் அக்காற்றில் உள்ள வாயுக்கள் தெரிய வரும். 2022 ஜூலை 10 அன்று வெப் இதைச் செய்தது. அதன் பயனாக அக்கிரகத்தில் கரியமில வாயு உண்டு என்பது அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. சூரிய மண்டலத்திற்கு வெளியே உள்ள ஒரு கிரகத்தில் அவ்வாயு ஐயமின்றிக் காணப்பட்டது அதுவே முதல் முறை.

கடப்பு 2.8 மணியே ஆயினும் தொலைநோக்கி எட்டு மணிக்கு மேல் அந்நட்சத்திரத்தை நோக்கியிருந்தது. கிரகம் குறுக்கே இல்லாதபொழுது நட்சத்திரத்தின் ஒளி எவ்வளவு என்பது தெரிந்தால்தான், குறுக்கே வந்தபொழுது குறைந்தது எவ்வளவு என்பது தெரியும். எனவே கடப்பிற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். நோக்கத் தொடங்கியதும் கருவி அமைதியுறச் சிறிது நேரம் விடவேண்டும். தொடக்க நேரத்திலும் ஒரு மணி வரை முன்பின்னாக இருக்க இடம் கொடுக்க வேண்டும். 4.055 நாள் என்பது சுமார் 97 மணி. அதில் ஒரு மணி என்பது சுழற்சியில் நூற்றில் ஒரு பங்கு. கட்டத்தின் கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் 0.01 வேறுபாடு வைத்தால் போதும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

இங்கு இரு பிழைகள் நேரக்கூடும். முதலாவது, பழைய கணிப்பை நம்புதல். ஒரு கிரகத்தின் சுழற்சிக் காலம் நான்கு நாள் என்றும், அதில் 10 வினாடி பிழை உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுழற்சியில் இஃது ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டுகளில் 456 சுழற்சிகள் முடிந்திருக்கும். பிழையும் 4,560 வினாடி, அதாவது 76 நிமிஷம் ஆகிவிடும். தொலைநோக்கி கிரகத்தை எதிர்நோக்கும் வேளையில் கிரகம் பாதி வழி கடந்திருக்கும். பஞ்சாங்கத்தை அவ்வப்பொழுது திருத்தாவிடில் கிரகண நேரம் தவறுவது போன்றதே இது. விண்ணப்பம் எழுதுமுன் அண்மைக் காலத்தில் எடுக்கப்பட்ட அளவுகளைக் கொண்டு கணிப்பைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எந்தக் கடிகாரம் என்பதைக் கூறாமை. வான நூலார் பலர் சூரிய மண்டலத்தின் நிறை மையத்தில் நின்று பார்ப்பது போல் நேரத்தைக் கணிப்பர். சூரியனிடமிருந்து பூமிக்கு ஒளி வர எட்டு நிமிஷத்திற்கு மேல் ஆவதால், அந்நேரத்திற்கும் தொலைநோக்கி இருக்குமிடத்து நேரத்திற்கும் ஆண்டின் பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ எட்டு நிமிஷம் வரை முன்போ பின்போ வேறுபாடு உண்டாகும். வான நூலார் கையாளும் சீரான காலத்திற்கும் உலகப் பொது நேரத்திற்கும் 2017 தொடக்கத்திலிருந்து 69 வினாடி வேறுபாடும் உண்டு. படிவம் எந்த நேரத்தைக் கேட்கிறதோ அந்த நேரத்தையே கொடுத்தல் வேண்டும்.

இடைவெளியிட்டுக் காத்திருத்தல்: ஒரு வெடிப்பின் மறுதோற்றம்

2014 நவம்பரில் ஹபிள் எடுத்த படங்களில், மிகத் தொலைவில் வெடித்த ஒரு நட்சத்திரம் நான்கு புள்ளிகளாகக் காணப்பட்டது. இடையிலிருந்த விண்மீன் மண்டலத் திரளின் ஈர்ப்பு, ஒரு வில்லையைப் போல் அதன் ஒளியைப் பல வழிகளில் வளைத்து அனுப்பியதே இதற்குக் காரணம். வழிகள் பலவாதலின் வந்து சேரும் நேரங்களும் பலவாகும். எனவே அதே வெடிப்பு வேறோரிடத்தில் மீண்டும் தோன்ற வேண்டும் எனக் கணக்கிடப்பட்டது. இத்தகைய தாமதத்தை அளந்து பிரபஞ்சம் விரியும் வேகத்தை அறியலாம் என்று 1964-இல் நார்வே நாட்டு அறிஞர் ஷூர் ரெஃப்ஸ்டால் எழுதியிருந்தார். ஆதலின் அவ்வெடிப்பிற்கு அவர் பெயரே இடப்பட்டது.

மறுதோற்றம் எப்பொழுது? பல குழுவினர் தனித்தனியே கணக்கிட்டனர். விடைகள் மாதக்கணக்கில் வேறுபட்டன. இந்நிலையில் ஏதேனும் ஒரு குழுவின் கணக்கை நம்பி ஒரே நாளைக் கேட்பது அறிவுடைமை ஆகாது. எப்பொழுதாயினும் சரி என்பதும் பொருந்தாது. ஆராய்ச்சியாளர் இடைவெளியிட்டுப் பல முறை அவ்விடத்தைப் படமெடுக்கும் முறையை மேற்கொண்டனர். சூரியன் அத்திசைக்கு அருகிலிருந்து விலகியபின், 2015 அக்டோபர் இறுதியில் நோக்குதல் தொடங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. டிசம்பர் 11 அன்று எடுத்த படத்தில் வெடிப்பின் ஒளி தோன்றியது. முதல் தோற்றத்திற்கும் இதற்கும் இடைப்பட்ட தாமதம் சுமார் 376 நாட்கள் என்று 2023-இல் வெளியான முடிவு கூறுகிறது. ரெஃப்ஸ்டாலின் யோசனை பிறந்து அப்பொழுது 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிகழ்ச்சியின் நேரம் ஐயத்திற்கு உரியதாயின் வரையறையும் அவ்வையத்தின் அளவிற்கு அகன்றிருத்தல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

குறித்த கணம்: சிறுகோளில் மோதல்

இதற்கு மாறாக, நேரம் திட்டமாகத் தெரிந்த நிகழ்ச்சியும் உண்டு. டார்ட் என்னும் அமெரிக்க விண்கலம் 2022 செப்டம்பர் 26 அன்று, உலகப் பொது நேரம் 23 மணி 14 நிமிஷத்தில் (இந்திய நேரப்படி மறுநாள் காலை 4 மணி 44 நிமிஷம்) டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. ஹபிளும் வெப்பும் அன்று முதன்முறையாக ஒரே பொருளை ஒரே வேளையில் நோக்கின. வெப் மோதலுக்கு முன்னும் பின்னுமாக ஐந்து மணி நேரத்தில் 10 படங்களை எடுத்தது. அச்சிறுகோள் வானத்தில் நகர்ந்த வேகம், வெப்புக்கென முதலில் விதிக்கப்பட்ட வேக வரம்பைப்போல் மூன்று மடங்கிற்கு மேலாகும். எனவே பொறியியலார் பல வாரங்கள் முன்னதாகவே பயிற்சி செய்து பார்த்தனர். ஒத்திப்போட இயலாத கணமாதலின் இவ்வளவு கண்டிப்பான வரையறை இங்கு நியாயமானது. அதற்குரிய உழைப்பும் செலவும் பொருத்தமானவை.

கண்டிப்பிற்கு உரிய விலை

வெப் தொலைநோக்கி தன் வேலைப் பட்டியலை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. ஒரு வேலை நடைபெறாமற் போனால் அடுத்ததற்குச் சென்றுவிடும். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கக்கூடிய மிக முந்திய நேரமும் மிகப் பிந்திய நேரமும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே இடம் இருந்தால் முந்திய வேலையின் தாமதமும் விரைவும் அதில் அடங்கிவிடும். இடமே இல்லையாயின், முந்திய வேலை விரைந்து முடிந்தாலும் தொலைநோக்கி சும்மா காத்திருக்க நேரிடும். இக்காரணத்தால், தொடக்க நேரத்தை ஒரு மணிக்கும் குறைவான எல்லைக்குள் கேட்பவரின் கணக்கில் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. எதிர்பாராத நிகழ்ச்சிக்காக 14 நாட்களுக்குள் பார்க்கக் கோருவதும் மற்றோர் வேலைத் திட்டத்தைக் குலைப்பதாகக் கருதப்படுகிறது. அத்தகைய வாய்ப்புகள் சுற்றுக்குச் சிலவே அளிக்கப்படும்.

ஆதலால் ஒவ்வொரு வரையறைக்கும் விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டியுள்ளது. காரணம் இல்லாத வரையறையைத் தேர்வுக் குழுவினர் எளிதில் ஏற்பதில்லை. நேரம் கிடைத்தபின் புதிதாக வரையறை சேர்க்க விரும்புபவர் தனியே அனுமதி பெற வேண்டும். அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

நம் நாட்டின் அஸ்ட்ரோசாட் வேறொரு வழியை மேற்கொண்டது. இஸ்ரோ நிறுவனம் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய அவ்வானாய்வுக் கலத்தில், புறஊதா ஒளியைக் காணும் தொலைநோக்கியும் எக்ஸ்-கதிர்க் கருவிகளும் ஒரே திசையை நோக்கி அமைக்கப்பட்டன. வெவ்வேறு கலங்களை ஒரே வேளையில் ஒரு பொருளை நோக்கச் செய்யும் தொல்லை இதனால் குறைந்தது. ஆயினும் இங்கும் வரம்பு இல்லாமலில்லை. புறஊதாத் தொலைநோக்கி, கலம் பூமியின் இரவுப் பக்கத்தில் செல்லும்பொழுது மட்டுமே நோக்கத்தக்கது. எக்ஸ்-கதிர்க் கருவிகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. எனவே இரண்டும் ஒருங்கே கிடைக்கும் நேரம் சுற்றின் ஒரு பகுதியே என்பதை விண்ணப்பதாரர் கணக்கிற் கொள்ள வேண்டும்.

விண்ணப்பதாரர் கருத்தில் கொள்ள வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். நிகழ்ச்சிக்குக் காலம் தேவையா என்பதை முதலில் முடிவு செய்க. தேவையில்லையாயின் ஒன்றும் எழுதற்க. தேவையாயின், எவ்வளவு விலகினால் ஆராய்ச்சி கெடும் என்பதைக் கணக்கிட்டு, அவ்வெல்லை வரை இடம் விடுக. தேதியைக் கூறுவதா, கட்டத்தைக் கூறுவதா, இடைவெளியைக் கூறுவதா என்பதைப் பொருளின் இயல்பு கொண்டு தீர்மானிக்க. பத்துச் சுழற்சிகளுள் எதுவும் ஏற்றது எனில் ஒரே தேதியைக் குறித்து ஒன்பதை இழத்தல் கூடாது. கணிப்பு எந்த ஆண்டினது, நேரம் எந்தக் கடிகாரத்தினது என்பவற்றைச் சரிபார்க்க. கோணத்தையும் தேதியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க. இறுதியாக, தொலைநோக்கியின் வரம்புகளுடன் தம் வரையறையைச் சேர்த்துக் கணிப்பொறித் திட்டத்தில் இட்டு, எஞ்சும் நாட்கள் எத்தனை என்பதை அறிக. ஒரு முறை நோக்குதல் தவறினாலும் மறுமுறை பார்க்க நாள் மிஞ்சுமாறு வரையறை அமைந்தால், ஆராய்ச்சி கைகூடும் என்று நம்பலாம்.